பால்மாப் பைக்கற்றுக் கதிரை

எனக்கு எழுத வராது. முதலிலேயே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கடைச் சாமான் எழுதுவேன், அவ்வளவுதான். மறதி வேறு. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, எதற்காகக் குசினிக்குள் வந்தேன் என்று யோசிக்கிற ஆள். முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதச் சொன்னது மிஸ். எங்கள் டிசைன் வகுப்பு முடிந்தபோது, படித்த எல்லோரும் தங்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டும், சேர்த்துப் புத்தகமாகப் போடுவோம் என்றார். நிலைபேறு, படைப்பாற்றல், வலையமைப்பு ஆகியவற்றைப் பற்றி அதில் இருக்க வேண்டுமாம். மற்றப் பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மிகவும் பயனுள்ளதாக இருந்தது என்று எழுதினார்களாம். எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. அந்த வகுப்பை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு மணம். ஈரம் பட்டுப் புளித்த பால்மாவின் மணம். அதனாலேயே பால்மாக் கரைப்பதை விட்டு வெறுந் தேத்தண்ணீருக்கு மாறிவிட்டேன்.

இந்த வயதில் எப்படி மாணவி ஆனாய் என்று கேட்பீர்கள். நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கொழும்பில், கொட்டாஞ்சேனையில். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, வெளிநாட்டில் இருக்கும் மகன் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் வீடு வாங்கி என்னைக் கொண்டுவந்து வைத்தான். நல்ல வீடு. பல்கனியில் நின்றால் ரயில் பாதையும் கடலும் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் என்னைத் தெரியாது. லிப்டில் யாராவது ஏறினால் நான் பட்டனையே பார்த்துக்கொண்டு நிற்பேன். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு, பழைய பங்குக் கோயில் பூசைக்குப் போய்வருவேன்.

அங்கேதான் என் கூட்டாளி இருக்கிறாள். ஒரே சந்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் பேசினால் சந்தின் மறு மூலைக்குக் கேட்கும். நான் பேசினால் எனக்கே கேட்காது. ஒரு செவ்வாய் பூசை முடிந்து படியில் இறங்கும்போது அவள் சொன்னாள்:

"கோயில் ஹோல்ல சனிக்கிழமையில ஒரு கோர்ஸ் நடத்தப் போறாங்கடி. டிசைன். பொம்பளைங்களுக்கு மட்டும். உன் பேரையும் குடுத்துட்டேன்."

"ஐயோ, எனக்கு என்னத்துக்கு? எனக்கு இங்கிலீசும் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமா? ஐந்தாம் மாடியில குந்திக்கிட்டுக் கடல எண்ணுறதுக்குப் பதிலா வாயேன். கேக்கும் டீயும் இருக்காம்."

அவள் வருவாள் என்ற தைரியத்தில்தான் தலையாட்டினேன். ஆனால் வகுப்புத் தொடங்க முன்பு அவளுடைய மனுசனுக்குச் சீனி வருத்தத்தால் காலில் புண் வந்து, ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கிய மனுசன். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவரை விட்டுவிட்டு அவளால் அசைய முடியவில்லை. நான் மட்டும் தனியாகப் போய் அந்த ஹோலில் ஒரு மூலைக் கதிரையில் உட்கார்ந்தேன்.

மிஸ் சின்னப் பெண். நல்ல மனம். எல்லோரையும் வட்டமாக இருக்கச் சொல்லி, பெயரையும் பிடித்த நிறத்தையும் சொல்லச் சொன்னார். என் முறை வந்தபோது நான் "வெள்ளவத்தை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. "அது நல்ல நிறம்தான் அன்ரி" என்று விட்டுவிட்டார். அதற்காகவே அவரில் எனக்கு ஒரு பட்சம். ஆகவே கீழே நான் எழுதுவதை வாசித்து மிஸ் கோவிக்கக் கூடாது.

முதல் நாள் அவர் ஒரு பால்மாப் பைக்கற்றைத் தூக்கிக் காட்டினார். வெளியே பிளாஸ்டிக், உள்ளே வெள்ளிபோல ஒரு தாள். எல்லாப் படைகளும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் இதைப் பிரித்து உருக்க முடியாது, பழைய போத்தல் பேப்பர் வாங்குகிறவரும் எடுக்க மாட்டார், மண்ணுக்குள் போட்டால் அப்படியே கிடக்கும் என்றார். "எறியிறம் எண்டு சொல்றம். ஆனா எறியிறதுக்கு எண்டு ஒரு இடம் உலகத்தில இல்ல. அது எங்கயோ ஒரு இடத்தில இருக்கத்தான் போகுது." இது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டிருந்தேன். பைக்கற்றை நீளமாக வெட்டி, நாலாக மடித்து, கதிரைக்குப் பிரம்பு பின்னுவதுபோலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னவும் மிஸ்தான் சொல்லித் தந்தார். கை பழகியதும் பலகைபோல இறுகி வந்தது. படைப்பாற்றல் என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதுவரை எல்லாம் சந்தோசம்.

பிறகு மிஸ், கண்காட்சிக்குப் பெரிதாக ஒன்று செய்யப்போகிறோம், நிறையப் பைக்கற்று வேண்டும், ஒவ்வொருவரும் தங்கள் வலையமைப்பைப் பயன்படுத்திச் சேர்க்க வேண்டும் என்றார். எனக்கு வலையமைப்பு என்று இருந்தது ஒரே ஒருத்திதான். போன் எடுத்து அவளிடம் சொன்னேன். அவள் உடனே எங்கள் அன்பியத்தின் வட்ஸ்அப் குரூப்பில் குரலைப் பதிந்து போட்டுவிட்டாள். அன்பியம் என்பது, பங்கில் ஒரு தெருவில் உள்ள குடும்பங்கள் சேர்ந்து செபம் சொல்கிற கூட்டம். "எல்லாரும் வெறும் பால்மாப் பைக்கற்று இருந்தா எறியாம வைங்க. செவ்வாக்கிழமை கோயில்ல வச்சு வாங்கிக்கிறோம்." அவள் சொன்னது இவ்வளவுதான். அந்தக் குரலை நானும் கேட்டேன்.

இதில் நீங்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்தில், வந்த கடிதங்களில் உள்ள பழைய முத்திரைகளை வெட்டிச் சேர்த்துச் சிஸ்டர்மாரிடம் கொடுப்போம். அவை வெளிநாட்டுக்குப் போய், அங்கே அவற்றை விற்று, எங்கோ ஓர் ஏழைப் பிள்ளைக்கு உதவி போகும் என்பார்கள். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளையும் அப்படியே உருட்டி உருட்டிச் சேர்த்தோம். அதனால் ஒருவர் குப்பையைக் கேட்டால் அது புண்ணியத்துக்குத்தான் என்பது எங்கள் ஆட்களின் இரத்தத்தில் ஊறிப்போயிருக்கிறது. மிஸ்ஸுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த செவ்வாய் கோயில் வாசலில் எனக்காகப் பைகள் காத்திருந்தன. அதற்கடுத்த செவ்வாய் இன்னும் அதிகம். கழுவித் தாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் கழுவவும் இல்லை. என் கூட்டாளி இருப்பது தோட்டம் என்று சொல்கிற நெருக்கமான வரிசை வீடுகளில், எல்லா வீட்டுக்கும் பொதுப் பைப் ஒன்றுதான், அதனால் அங்கே வைத்துக் கழுவ முடியாது. நான்தான் பைகளைப் பஸ்ஸில் வெள்ளவத்தைக்குச் சுமந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பி நின்றது. கொண்டக்டர் என் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டார்.

வீட்டில் பாத்ரூமில் குந்தி ஒவ்வொன்றாகக் கத்தரியால் வெட்டித் திறந்தேன். உள்ளே என்னென்ன இருந்தது என்று எழுதவே அரியண்டமாக இருக்கிறது. மூலைகளில் பால்மா கட்டிபட்டு மஞ்சளாகி, தொட்டால் பசைபோல இழுபட்டது. சிலதில் எறும்பு. சிலதில் கரப்பான் குஞ்சுகள். யாரோ ஒருவர் மீன் செதிலைப் பைக்கற்றுக்குள் போட்டுக் கட்டி, மறந்துபோய் அப்படியே தந்திருந்தார். இன்னொன்றில் குழந்தைக்குத் துடைத்த துணி. சீ! நான் பிள்ளை வளர்த்தவள், நோயாளியைப் பார்த்தவள், அசிங்கத்துக்குப் பயந்தவள் அல்ல. ஆனால் முகம் தெரியாதவர்களின் அழுக்கு வேறு. அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை. பல்கனியில் கயிறு கட்டிக் காய வைத்தால் கடற்காற்று அடித்து, வெள்ளித் தாள்கள் கீழே ரயில் பாதை வரைக்கும் பறந்தன. காய்ந்த பிறகும் மணம் போகவில்லை. வெயில் பட்டால் இன்னும் எழும்பியது.

தொடர்மாடிக் கொமிற்றியில் யாரோ முறைப்பாடு கொடுத்தார்கள். லிப்டுக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது: குப்பைகளை வீட்டில் சேர்த்து வைத்துத் துர்நாற்றம் ஏற்படுத்துவோர் கவனத்துக்கு. பெயர் போடவில்லை. ஆனால் லிப்டில் ஏறியவர்கள் தாளைப் பார்த்துவிட்டு என் முதுகைப் பார்த்தார்கள். வெட்கத்தில் நான் செத்துப்போனேன்.

நிறுத்திவிடலாம் என்று முடிவெடுத்துக்கொண்டு போன செவ்வாயில்தான் என் கூட்டாளி கோயில் படியில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"கள்ளி! ஒரு வார்த்த சொன்னியாடி நீ?"

"என்னத்த?"

"பைக்கற்றுக்கு வீல்செயர் குடுக்குறாங்கன்னு! நேத்துத்தான் எனக்கு மெசேஜ் வந்துச்சு. களனியில இருக்குற எங்க மருமக அனுப்பினா. சிங்களத்துலயும் வந்திருக்கு. கால் இல்லாதவங்க பேர வச்சுப் பைக்கற்றுச் சேத்துக் குடுத்தா புது வீல்செயராம். அதானே பாத்தேன், இவ என்னத்துக்கு இந்த நாத்தத்தத் தூக்கிக்கிட்டு அலையிறான்னு. எங்க வீட்டு ஆளுக்காகத்தானே?"

அவள் வாயால் போன சேதி, ஊரெல்லாம் சுற்றி, வழியில் யாரோ ஒரு கதிரையை அதில் ஏற்றிவிட, அவளிடமே திரும்பி வந்திருக்கிறது. வேறு இடத்திலிருந்து வந்ததால் அவள் நம்பிவிட்டாள். அது தன்னுடைய சேதிதான் என்று அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. வலையமைப்பு என்று மிஸ் பலகையில் வட்டம் வட்டமாகக் கீறி, வட்டங்களைக் கோடுகளால் தொடுத்துக் காட்டியபோது அழகாக இருந்தது. அந்தக் கோடுகளில் என்ன ஓடுகிறது என்று யார் பார்க்கிறார்கள்?

"இல்லடி, அது..." என்று தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கே கூட்டிப் போனாள்.

அண்ணன் உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அந்தத் தோட்டத்து ஒழுங்கைக்குள் முச்சக்கர வண்டி வராது. எங்கேயாவது போவதென்றால் இரண்டு பேர் அவரைப் பிளாஸ்டிக் கதிரையோடு தூக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்திருந்தார்கள், பதில் இல்லை. வெட்டியதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் பூசைக்கு வரவில்லை. ஆட்களைத் தூக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன் என்று ஒரே பிடி.

அன்றைக்கு என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "பார் தங்கச்சி" என்று வாசலைக் காட்டினார். படியிலும் கழிவுநீர்க் கான் மேலும் பலகை போட்டு ஆணி அடித்திருந்தது. சில்லு உருளுவதற்காம். பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டு, தான் கட்டிலில் இருந்தபடியே அளவு சொல்லிப் போடுவித்திருக்கிறார். "கதிர வந்தா அந்தச் செவ்வாய்க்கே நான் கோயில்ல நிப்பேன். முன் வரிசையில. உன் கூட்டாளி தள்ளுவா, நான் ஹோர்ன் அடிப்பேன்."

"ஹோர்ன் வேற! வாய் இருக்குதானே, அது போதும்" என்றாள் அவள்.

நான் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன். அந்தப் பலகையைக் கண்ட பிறகு எந்த வாயால் சொல்வது?

சனிக்கிழமை மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். "ஐயோ அன்ரி, ஃபேக் நியூஸ்! எங்கட ப்ரொஜெக்ட்ல அப்பிடி ஒண்டும் இல்லையே. நான் இப்பவே திருத்தி ஒரு மெசேஜ் போடுறன்." போட்டார். ஆங்கிலத்தில், எங்கள் வகுப்புக் குரூப்பில். வகுப்புப் பெண்கள் அதற்குக் கைகூப்பினார்கள். களனியிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒருவரும் அதைக் காணவில்லை.

"மிஸ், அப்ப பெரிசாச் செய்யிறத ஒரு சில்லுக் கதிரையாச் செய்யேலாதா?" என்று கேட்டேன். வகுப்பில் நானாக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

மிஸ் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு, காசு தருகிறவர்கள் ஏற்கெனவே படத்தைப் பார்த்துச் சம்மதித்துவிட்டார்கள் என்றார். கதிரைதான், ஆனால் வேறு கதிரை.

கண்காட்சி, பணக்காரர்கள் இருக்கிற கொழும்பு ஏழில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. நாங்கள் பின்னிய பாய்களைக் கம்பிச் சட்டத்தில் கட்டி, இரண்டு ஆள் உயரத்தில் ஒரு சிம்மாசனம் நிறுத்தியிருந்தார்கள். கீழே இருந்து வெளிச்சம் அடித்தது. பளபளவென்று அரசருடையதுபோல இருந்தது, பொய் சொல்லக் கூடாது. முன்னால் கயிறு கட்டி, தொட வேண்டாம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். வாசனை பூசிய ஒரு நோனா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "ஏதோ ஒரு மாதிரி மணக்குது, என்ன?" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லி, பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக் கையில் கிருமி மருந்து தடவிக்கொண்டார். அவர் அதைத் தொடவே இல்லை. நான் அவ்வளவையும் கையால் தோண்டிக் கழுவியவள். எனக்கு அவருடைய கையைப் பார்க்கவே குமட்டியது.

அந்த நேரத்தில்தான் என் கூட்டாளி வந்தாள். நான் கூப்பிடவில்லை. கண்காட்சி என்று யாரோ குரூப்பில் போட்டதைப் பார்த்து வந்திருக்கிறாள். திருநாளுக்குக் கட்டுகிற சேலை. கக்கத்தில் மடித்த ஒரு துவாய். புதுக் கதிரையில் அவர் உட்காரும்போது வேர்க்காமல் விரிப்பதற்காம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், அண்ணாந்து அந்தச் சிம்மாசனத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு குனிந்து அதன் காலடியைப் பார்த்தாள். திரும்பி என்னிடம் கேட்டாள்:

"சில்லு எங்கடி?"

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் குரல் எனக்கு மட்டும் கேட்கிற அளவில் வந்தது.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். ஏச்சு விழும் என்று பார்த்தேன். விழவில்லை. துவாயை இன்னும் சின்னதாக மடித்துச் சேலைக்குள் செருகிக்கொண்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு நான் போன் எடுத்தால் அவள் எடுக்கவில்லை.

கடைசி நாள் மண்டபத்தைத் துப்புரவாக்க வகுப்புப் பெண்கள் எல்லோரும் போனோம். சிம்மாசனம் வேனுக்குள் ஏறவில்லை. அதை வைக்க மிஸ்ஸின் இடத்திலும் வசதி இல்லை. வேலையாட்கள் கம்பியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, பாய்களை வெட்டி உருட்டி, மண்டபத்தின் பின்னால் குப்பைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் போட்டார்கள். அன்றைக்குக் கேக் வைத்த தட்டுகளும் சின்னத் தண்ணீர்ப் போத்தல்களும் அதன் மேல் விழுந்தன. எறிவதற்கென்று ஓர் இடம் உலகத்தில் இல்லை என்று மிஸ் சொன்னாரே, இதோ இருக்கிறது, மண்டபத்துக்குப் பின்னால். மிஸ் அங்கே வந்து பார்த்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கும் அழுகை வந்தது என்று நினைக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. மண்டபத்தின் மீது, காசு தந்தவர்கள் மீது, மருந்து தடவிய கை மீது. கேக் தின்ற என் மீதும்.

இருக்கைப் பகுதியின் பாய் இரண்டைத் தட்டிச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியேறினேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. நான் கழுவியது லொறியில் போவதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் லிப்ட் வேலை செய்யவில்லை. பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் ஏறினேன். அந்தப் படிகளில் நான் ஏறியதே குறைவு. நாலாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். எதிரே சுவரோரத்தில் பூப்போட்ட பெட்சீட்டால் மூடிய ஒரு சாமான் குவியல். மேலே பழைய பேப்பர் கட்டு, பழுதான ரைஸ் குக்கர். பெட்சீட்டின் ஓரத்தில் வட்டமாக ஒரு கறுப்பு றப்பர் தெரிந்தது. குனிந்து தூக்கிப் பார்த்தேன். சில்லு.

எவ்வளவு காலமாக அது அங்கே இருக்கிறதோ. நான் அதற்கு மேலே தூங்கி எழும்பியிருக்கிறேன்.

பக்கத்துக் கதவைத் தட்டுவதற்கு எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்காதீர்கள். சங்கிலியைக் கழற்றாமல் ஒரு பெண் எட்டிப் பார்த்தார். கந்தோர் வேலையால் வந்த உடுப்போடு நின்றார். என்னைக் கண்டதும் முகம் வெளிறியது.

"அன்ரி, குப்பை விசயமா? சத்தியமா நான் உங்கட பேர் சொல்லேல்ல. மணக்குது எண்டு மட்டும்தான் கொமிற்றிக்குச் சொன்னனான்."

"அதில்ல பிள்ள. அந்தக் கதிர..."

அவர் சங்கிலியைக் கழற்றினார். அது அவருடைய அம்மாவின் கதிரை. அம்மா கடைசிக் காலத்தில் அதிலேயே இருந்தாராம், அதிலேயே எல்லாம் போய்விடுமாம். "சீற்றுத் துணி முழுக்க ஊறிப்போய்க் கிடக்கு அன்ரி. எனக்கு அதைத் தொட ஏலாது. எறியவும் ஏலாது. அம்மா இருந்தது எல்லோ. அதுதான் மூடி வைச்சிட்டு ஒவ்வொரு நாளும் பாக்காமல் போறனான்." பிறகு கேட்டார், "உங்களுக்கு அரியண்டமா இருக்காதா?"

"எனக்கு இப்ப அதெல்லாம் பழகிட்டுது" என்றேன்.

துணியை அவர் இல்லாத நேரத்தில் வெட்டி எடுக்கச் சொன்னார். மறுநாள் அப்படியே செய்தேன். அந்த நாற்றத்தைப் பற்றி எழுத மாட்டேன், அது ஒரு மனுசியின் கடைசிக் காலம். சட்டத்தைத் தேய்த்துக் கழுவி, பாமன்கடைப் பகுதியில் சைக்கிள் திருத்துகிறவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பாயைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, "மொக்கத அம்மே மே, கிரி பக்கட் த?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். ஓம், பால்மாப் பைக்கற்றுத்தான் என்றேன். இரண்டு பாயையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரத்துக்குத் தோல் பட்டி கொடுத்து, சட்டத்தில் ஆணி முறுக்கினார். பிறகு தானே ஏறி உட்கார்ந்து இரண்டு முறை துள்ளினார். மிஸ் சொல்லித் தந்த பின்னல் கிறீச்சென்றது. அறுந்துபோகவில்லை.

செவ்வாய் காலையில் முச்சக்கர வண்டியில் மடித்து ஏற்றி ஒழுங்கை முகப்பில் இறக்கினேன். அங்கிருந்து தள்ளிக்கொண்டு போய்ப் பலகையில் ஏற்றினேன். சத்தம் கேட்டு என் கூட்டாளி வெளியே வந்தாள். இருக்கையைத் தடவிப் பார்த்தாள்.

அண்ணன் உள்ளேயிருந்து, "யாரோட கதிர அது? செத்தவங்க கதிரன்னா எனக்கு வேணாம்" என்றார்.

பொய் சொல்ல எனக்கு வராது. "சட்டம் செத்தவங்கட, அண்ணே. சீற்று நீங்க சேத்த பைக்கற்று."

அவர் முகத்தைச் சுளித்தார். என் கூட்டாளி அவருக்கு முன்னால் போய் இடுப்பில் கை வைத்தாள். "நீ படுக்குற கட்டில் யாரோடது? எங்கப்பா செத்த கட்டில். அதுல ஒனக்குத் தூக்கம் வரல்லியா? எழும்பு." நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் தூக்கிக் கதிரையில் வைத்தோம். அவர் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"பால் மணக்குது" என்றார். பிறகு, "தள்ளு" என்றார்.

அன்றைக்குப் பூசையில் அவர் முன் வரிசையில் இருந்தார். ஹோர்ன் இல்லை, வாயால்தான் அடித்தார். வெயிலில் பாய் சூடாகித் தொடை வேர்க்கிறது என்று முறைப்பாடு, அதற்கு அந்தத் துவாய் உதவியது.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் பயனுள்ளதாக இருந்தது என்று எழுதியிருப்பேன். பூசை முடிந்த கையோடு என் கூட்டாளி அவரைக் கதிரையில் வைத்துப் படம் எடுத்து, அன்பியக் குரூப்பில் போட்டுவிட்டாள். "பைக்கற்றுக் கதிர கெடச்சிட்டுது, ஆண்டவருக்கு நன்றி." அவளைப் பொறுத்தவரை அது பொய் இல்லை. நான் தடுத்தேன். "அவங்க குடுத்தா என்ன, நீ குடுத்தா என்ன? பைக்கற்றுக்குத்தானே வந்துச்சு" என்றாள். இப்போது அந்தச் சேதி படத்தோடு சுற்றுகிறது. முன்னையைவிட அதிகமாகப் பைகள் வருகின்றன. கோயில் வாசலில் மட்டும் இல்லை, ஐந்தாம் மாடியில் என் கதவடியிலும். கழுவாத பைகள். சிலதில் துண்டு குத்தியிருக்கிறது, கால் இல்லாதவரின் பெயரும் போன் நம்பரும். நாலாம் மாடிப் பிள்ளை இப்போது முறைப்பாடு கொடுப்பதில்லை, கையுறை போட்டுக்கொண்டு வந்து கழுவித் தருகிறார். எனக்கு ஒவ்வொரு பையையும் திறக்கும்போது ஓங்காளம் வருகிறது. அதைவிட அந்தத் துண்டுகளை வாசிக்கும்போது வருகிறது.

நிலைபேறு என்றால் போகாமல் நிற்பது என்று மிஸ் சொன்னார். நின்றது அந்தச் சேதிதான்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுதல். பைக்கற்றில் எத்தனை படை என்று மிஸ் சொன்னதை நான் மறந்துவிட்டேன், தெரிந்தவர்கள் பார்த்து எழுதிச் சேருங்கள். கண்காட்சியில் கயிற்றின் முன் எழுதியிருந்தது சரியாக என்ன என்றும் வகுப்புப் பெண்கள் யாராவது சரிபார்க்க வேண்டும். முக்கியமாக இன்னொன்று. பால்மாப் பைக்கற்றுக்கு எங்கேயாவது உண்மையாகவே சில்லுக் கதிரை கொடுக்கிறார்களா என்று யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லை என்று தமிழிலும் சிங்களத்திலும் வாயால் பேசிப் போடுங்கள், ஆங்கிலத்தில் எழுத வேண்டாம். கிராண்ட்பாஸிலிருந்து ஓர் அம்மா தன் மகளுக்காக இரண்டு பை கொண்டுவந்து வைத்துவிட்டு, எப்ப வரட்டும் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.